பித்தளை மருந்து

அத்தியாயம் 14

நாளைக் காலை ஏழரை மணிக்குக் குண்டூசியின் நுரையீரலிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுக்கப் போகிறார்கள். சம்மதம் என்று அம்மா கையெழுத்துப் போட்டதோடு போன வாரம் பிரிந்தோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. குண்டூசி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஒன்பது வயதுப் பெண். உடம்பு மெலிசு, பேச்சு கூர்மை, வேறு விளக்கம் தேவையில்லை. எட்டு மாதமாக மூச்சு அவளுக்குச் சரியில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். வேண்டுமென்றே உட்கார்ந்தது போல் செருப்பு வாரைச் சரிசெய்வாள். ஆஸ்துமா என்று நினைத்துக் கொடுத்த எதற்கும் அது மசியவில்லை.

கடைசியில் இந்த ஆஸ்பத்திரியில்தான், குண்டூசி 'மூச்சு டாக்டர்' என்று பெயர் சூட்டிவிட்ட இளம் பெண் டாக்டர், ஸ்கேன் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

"காத்து வந்து போற குழாய் நல்லாத்தாம்மா இருக்கு. காத்துப் பைகளுக்கு நடுவுல மெல்லிசா ஒரு சுவர் இருக்கும். அந்தச் சுவர் வீங்கித் தடிச்சுப் போச்சு. காத்து உள்ள போகுது, ஆனா ரத்தத்துல போய்ச் சேரல."

"எதனால டாக்டர்?"

"நூத்துக்கணக்கான காரணம் இருக்கு. எதுன்னு தெரியாம முழு வைத்தியம் பண்ண முடியாது. சதையை எடுத்துப் பார்த்தா தெரியலாம்."

பிறவியிலேயே வந்த கோளாறாக இருந்தால் என்று அம்மா கேட்டாள். டாக்டர் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு அந்தக் கொஞ்ச நேரமே பதிலாகிவிட்டது.

இன்று காலை எட்டரை மணிக்கு அத்தை வந்து நின்றாள். அப்பாவுக்கு அக்கா. ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் உத்தியோகம். இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள்.

"நீ வீட்டுக்குப் போ. குளி, ரெண்டு வாய் சாப்பிடு, மத்தியானமா வா. நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

"நீங்க தூங்க வேணாமா அண்ணி?"

"முழிச்சிருக்கறதுதானே என் வேலை. கிளம்பு."

அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் சண்டை கிடையாது. நாத்தனார் உறவுக்கு உண்டான அளவான பாசம் மட்டும் உண்டு. அம்மா தன் நோட்டை எடுத்து அத்தையிடம் கொடுத்தாள். கொடுக்கும்போதே பிடுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது அவளுக்கு.

"ஒன்பது மணிக்கு விரல்ல மாட்டிப் பார்க்கணும். தேதி, நேரம், நம்பர், குறிப்பு. கட்டத்துக்கு வெளியே எழுதிடாதீங்க."

அம்மா நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்குகிறவள். எட்டு மாதமாகத் தினம் காலை ஏழுக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் மகளின் விரலில் ஆக்ஸிஜன் பார்த்து, ஒரு நாள் விடாமல் எழுதி வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நடுவில் இரண்டு வேளை கூடுதலாக. குறிப்புக் கட்டத்தில் இருமல், காய்ச்சல், படி ஏறியது, ஏறாதது எல்லாம் உண்டு. ஆஸ்பத்திரிக்காரர்கள் எண்களை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு அத்தை பார்த்தாள். தொண்ணூற்று ஆறு.

"பரவாயில்லையே, நல்ல நம்பர்தானே?"

"வந்தப்போ எண்பத்தெட்டு அத்தை. நாலு நாள்ல ஏறிடுச்சு. இந்த ஆஸ்பத்திரி ராசியானதுன்னு அப்பா சொல்றார்."

அத்தை நோட்டைப் புரட்டினாள். பக்கம் பக்கமாக எண்கள். ஐந்தாவது பக்கத்தில் கண் செருகியது.

"வரிசையா நம்பரா எழுதினா எனக்கு மண்டையில ஏறாதுடி. கோடு போட்டாதான் புரியும்."

கோடு போடுவதுதான் அத்தையின் வேலை. கட்டுப்பாட்டு அறையில் மேசை நீளத்துக்குக் கட்டம் போட்ட தாள் இருக்கும். இடமிருந்து வலமாக மணி ஓடும், கீழிருந்து மேலாக ஸ்டேஷன்கள் இருக்கும். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எங்கே தாமதிக்கிறது என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இப்போது எல்லாம் திரையிலேயே வந்துவிட்டது. ஆனாலும் அவள் கைப்பையில் ஒரு பழைய தாள் சுருளும் கலர் பென்சிலும் இல்லாமல் இருந்ததில்லை.

சுருளைக் கட்டில் மேல் விரித்தாள். குண்டூசி எண்களைப் படித்தாள், அத்தை புள்ளி வைத்தாள். காலைக்குப் பச்சை, ராத்திரிக்குச் சிவப்பு. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. செவிலியர் வந்து என்ன விளையாட்டு என்று கேட்டுவிட்டுப் போனார்.

புள்ளிகளைச் சேர்த்ததும் அத்தைக்குத் தூக்கம் போய்விட்டது.

கோடு பொதுவாகக் கீழே இறங்கிக்கொண்டேதான் போனது. ஆனால் நடுநடுவே மேடு. ஏதோ நாலு இடத்தில் மட்டும் விறுவிறுவென்று மேலே ஏறி, பிறகு பொத்தென்று விழுந்திருந்தது.

"இந்த மேடு என்ன தேதி?"

"லீவுக்கு உங்க வீட்டுக்கு வந்தேனே அத்தை. பன்னெண்டு நாள்."

"இது?"

"முதல்ல ஒரு ஆஸ்பத்திரியில ஆறு நாள் படுத்தேன்ல, அது."

"கடைசியா ஏறுறது இங்க வந்தப்புறம். ம்." அத்தை பென்சிலைக் கடித்தாள். "ஒரு வண்டி தினமும் ஒரே இடத்துல லேட் ஆச்சுன்னா, நாங்க வண்டியைக் கழட்டிப் பார்க்க மாட்டோம். அந்த இடத்துல தண்டவாளம் எப்படி இருக்குன்னு போய்ப் பார்ப்போம்."

"நான் வண்டியா?"

"நீ வண்டி. உங்க வீடு தண்டவாளம்."

"வீட்டுல ஒண்ணுமே இல்ல அத்தை. அம்மா தேய்ச்ச தேய்ப்புல சுவரே பாதி கரைஞ்சு போச்சு."

அதுவும் உண்மைதான். தூசி, ஈரம், புறா, பூனை எல்லாவற்றையும் டாக்டர் மூன்று முறை கேட்டுவிட்டார். எதுவும் கிடையாது. தவிர, அத்தையின் கணக்கைக் கெடுக்க இன்னொரு மேடு நடுவில் நின்றது. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் குண்டூசி வீட்டில்தான் இருந்திருக்கிறாள். வீட்டிலேயே இருந்துகொண்டு எண்பத்தொன்பதிலிருந்து தொண்ணூற்று நாலுக்கு ஏறியிருக்கிறாள்.

அத்தை அந்தத் தேதிகளுக்கு நோட்டைத் திருப்பினாள். குறிப்புக் கட்டத்தில் ஒன்பது நாளும், அம்மாவின் அச்சுக் கையெழுத்தில், இரண்டே சொல்: மருந்து இல்லை.

அத்தைக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஒன்பது நாள் மருந்து குடுக்கலையா? இந்த நிலைமையில இருக்கற புள்ளைக்கு? அதை அழகா கட்டம் கட்டி வேற எழுதி வெச்சிருக்கா உங்கம்மா?"

குண்டூசி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கி, மறுபடி சிரித்தாள்.

"அந்த மருந்து இல்ல அத்தை. மாத்திரை எல்லாம் சாப்பிட்டேன். இது பித்தளை மருந்து."

"என்ன மருந்து?"

"ட்ரம்பெட்."

கதை இதுதான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் குண்டூசிக்குச் சாதாரணச் சளி இருமல் வந்தது. பக்கத்துத் தெரு டாக்டர், பலூன் ஊதச் சொல்லுங்கள், நெஞ்சு பலப்படும் என்றார். அப்பா ஊதுகிற வாத்தியங்களைப் பழுது பார்க்கிறவர். அவர் வீட்டில் பலூனா. பட்டறையில் கிடந்த பழைய ட்ரம்பெட் ஒன்றை ஒடுக்கு எடுத்து மகளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபது நிமிடம். வேலையிலிருந்து வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "மருந்து ஆச்சா?" இவள், "ஆச்சு."

பிறகு மூச்சு சரியில்லாமல் போனது. அப்பா மருந்தின் அளவைக் கூட்டினார். இருபது நிமிடம் நாற்பது ஆனது.

"அந்த ஒன்பது நாள் எதுக்கு நிறுத்தினீங்க?"

"விரலால அமுக்கற மூணு கட்டையில நடுவுல இருக்கறது அமுங்கிட்டு எழும்பவே இல்ல. ஸ்பிரிங் வரணும்னு அப்பா காத்துட்டு இருந்தார். பாவம், அவருக்கு ஒரே கவலை. மருந்து விட்டுப் போகுதேன்னு."

அத்தை தாளைப் பார்த்தாள். லீவுக்குத் தன் வீட்டுக்கு வந்தபோது ட்ரம்பெட் கொண்டுவந்தாளா என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. வந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் காது சும்மா இருந்திருக்குமா.

தாளைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

மூச்சு டாக்டர் எப்போதும் ஓட்டப்பந்தயத்துக்குப் போகிற ஷூ போட்டிருப்பார், நடையும் அப்படித்தான். அவரை வழிமறிப்பது சுலபமில்லை. அத்தை மெயில் வண்டிகளையே நிறுத்துகிறவள். நிறுத்தினாள்.

டாக்டர் தாளை ஜன்னல் பலகையில் விரித்து வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தக் கோட்டை யார் போட்டது?"

"நான்தான். நம்பர் எல்லாம் அவங்க அம்மா எழுதினது."

"நான் எத்தனை தடவை கேட்டேன். ஃபாரத்துல பொழுதுபோக்குன்னு ஒரு கட்டமே இருக்கு. 'எதுவும் இல்லை'ன்னு எழுதியிருக்காங்க."

"பொழுதுபோக்குன்னு நெனச்சிருந்தா எழுதியிருப்பாங்க டாக்டர். அவங்க அதை மருந்துன்னு நெனச்சுட்டாங்க."

டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு வேகமாகப் பேசினார். ஊதும்போது எச்சில் உள்ளே போகிறது. உள்ளே இருட்டு, ஈரம். பூஞ்சை வளர வேறு என்ன வேண்டும். ஊதுகிறவர் இடையில் மூச்சை வாங்கும்போது அந்தத் துகள் நெஞ்சுக்குள் போகும். சிலருடைய நுரையீரல் அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்கு நிற்கும். தினமும் சண்டை நடந்தால் சுவர் வீங்காமல் என்ன செய்யும்.

"அப்போ நாளைக்கு ஆபரேஷன் வேண்டாமில்ல?"

"அவசரப்படாதீங்க. இது எனக்கு வந்திருக்கற சந்தேகம், அவ்வளவுதான். கோட்டை மட்டும் காட்டினா எங்க பெரிய டாக்டர் ஒத்துக்க மாட்டார். அந்த ட்ரம்பெட் எனக்கு வேணும். கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது. எப்படி இருக்கோ அப்படியே வரணும். நாளைக்கான ஆபரேஷன் பட்டியலை ரெண்டு மணிக்கு முடிவு பண்ணிடுவாங்க."

மணி பதினொன்று இருபது.

"அது எங்க போகப் போகுது, பட்டறையில சும்மாதான் கிடக்கும். ஒரு மணி நேரத்துல வந்துடும்" என்று அத்தை சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினாள். குண்டூசியிடமும் சொன்னாள்.

குண்டூசியின் முகம் மாறிவிட்டது.

"அத்தை, அப்பா நேத்து போன்ல சொன்னார். நான் வீட்டுக்கு வர்றப்போ அது புதுசு மாதிரி மின்னப் போகுதாம். இன்னிக்குத்தான் பாலிஷ் போடறாராம்."

"பாலிஷ் வெளியிலதானே போடுவாங்க?"

"முதல்ல எல்லாத்தையும் கழட்டி சோப்புத் தண்ணியில ஊறப் போடுவார்."

அத்தை கைப்பையில் போனைத் தேடி எடுத்தாள். தம்பிக்கு போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஏழு முறை அடித்தாள். பட்டறையில் பாலிஷ் சக்கரம் ஓடும்போது அவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார் என்பது அவளுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு அடித்தாள். அம்மா அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். அத்தை சொன்னதில் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதும்.

பட்டறை இரண்டு தெரு தள்ளி. தலையில் ஈரம் சொட்ட, காலில் ஒன்று தன்னுடையதும் ஒன்று கணவருடையதுமாகச் செருப்பு மாட்டிக்கொண்டு அம்மா ஓடினாள். நூலகத்தில் பதினைந்து வருடமாக யாரையும் ஓடவிடாதவள் ஓடியதைத் தெருவே பார்த்தது.

பட்டறைக்குள் சக்கரம் இரைந்துகொண்டிருந்தது. சுவரில் ஒடுக்கு எடுக்கும் கம்பிகள், மேசையில் எண்ணெயில் ஊறும் திருகுகள், கழுத்தில்லாத சாக்ஸபோன், வாயில்லாத கிளாரினெட். மூலையில் பெரிய தொட்டி, தொட்டியில் நுரை. தொட்டியின் முன்னால் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மூன்று கட்டைகளும் கடைசிக் கட்டையின் வளைகுழலும் ஏற்கெனவே தண்ணீருக்குள் கிடந்தன. ட்ரம்பெட்டின் உடம்பு அவர் இரண்டு கையிலும் இருந்தது. தண்ணீருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.

"ஏங்க" என்றாள் அம்மா. கேட்கவில்லை.

"ஏங்க, அதைப் போடாதீங்க."

கை இறங்கியது.

"டேய், கையை எடுடா."

பஞ்சையும் சக்கரத்தையும் தாண்டி அது போய்ச் சேர்ந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் 'ங்க' போடாமல் அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவள். அப்பா திரும்பினார். ட்ரம்பெட் அப்படியே அந்தரத்தில் நின்றது.

சக்கரத்தை நிறுத்தி, பஞ்சை எடுத்து, விஷயத்தைக் கேட்டதும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊதுவாயைத் தினமும் வெந்நீரில் கழுவிக் கொடுத்தவர் அவர். உள்குழாயை மட்டும் தொட்டதில்லை. 'உள்ளே பழகட்டும்' என்பது அவர் பட்டறையின் வழக்கம். உள்ளே படியப் படியத்தான் ஒலி இழையும் என்று அவருக்கு நம்பிக்கை. வாடிக்கையாளர் கேட்டால்கூட உள்ளே கழுவித் தரமாட்டார். பாலிஷ் போடவேண்டி வந்தால் ஒழிய, தண்ணீர் உள்ளே போகாது.

"நானே குடுத்தேன்" என்றார். "மூச்சு வாங்குதுப்பான்னு சொன்னா. இன்னும் கொஞ்சம் ஊது, சரியாயிடும்னு சொன்னேன். இருபதை நாப்பது ஆக்கினதும் நான்தான்."

"ஆமா. மருந்து ஆச்சான்னு தினமும் கேட்டது நான். ஊதாத நாள் திட்டினதும் நான். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணியிருக்கோம்." அம்மா அவர் கையிலிருந்த ட்ரம்பெட்டை வாங்கிக்கொண்டாள். "அழறதை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப ஒரு பாலிதீன் பை எடுங்க. எழுந்திருங்க."

'ங்க' திரும்பி வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

வாடகைக் கார் கிடைத்தபோது பன்னிரண்டு ஐந்து. அம்மா மடியில் ட்ரம்பெட், குழந்தையைத் துணியில் சுற்றியது போல் இரண்டு பைக்குள். அத்தை போனிலேயே இருந்தாள். கட்டுப்பாட்டு அறை நாற்காலி ஒன்றுதான் குறை.

"எங்க இருக்கீங்க?"

"மேம்பாலத்துக்குக் கீழே அண்ணி. இப்படியே போனா ரயில்வே கேட் வரும்."

அத்தை மனத்தில் கோடு போடுகிறாள்.

"கேட்டைப் பன்னெண்டு இருபத்திரண்டுக்கு மூடுவாங்க. சரக்கு வண்டி வருது. ஐம்பத்தெட்டு பெட்டி, ஊர்ந்துதான் போகும். பின்னாடியே பாசஞ்சர். திறக்க அரை மணி ஆகும்."

"அவ்வளவு சரியா எப்படி அண்ணி தெரியும்?"

"விடியக்காலைல அதை அந்த வழியா அனுப்பச் சொன்னதே நான்தான்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் கண் முன்னாலேயே இறங்கியது. முன்னால் ஆறு வண்டி.

"காரை விட்டு இறங்குங்க. வலது பக்கம் நடைபாலம் இருக்கும். ஏறி அந்தப் பக்கம் போங்க. அங்க எப்பவும் வண்டி நிக்கும்."

இறங்கினார்கள். ஏறினார்கள். அறுபது படி. பாலத்தின் நடுவில் போகும்போது கீழே சரக்கு வண்டி நுழைந்து பாலமே அதிர்ந்தது. அப்பா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எதிரே வந்த ஒரு பெரியவர், யாருக்கோ பிரசவம் என்று நினைத்து வழிவிட்டார்.

இறங்கும்போது அம்மாவுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. எட்டு மாதமாக உட்கார்ந்து உட்கார்ந்து காத்திருந்தவர்களுக்கு, ஓடுவதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

ஒரு மணிக்கு ட்ரம்பெட் மூச்சு டாக்டரின் மேசையில் இருந்தது. குண்டூசியைப் பக்கத்து அறையில் கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாள். அத்தை அவள் பக்கத்தில்.

டாக்டர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு நீளமான பஞ்சுக் குச்சியைக் குழாய்க்குள் விட்டார். வெளியே வந்தபோது லேசாக அழுக்கு. அவ்வளவுதான்.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"டாக்டர்" என்றார் அப்பா. "அங்க இருக்காது. ஊதுவாய் தாண்டி முதல் வளைவு இருக்கில்ல, அங்கதான் தங்கும். நான் பண்றேன், குடுங்க."

தன் சட்டைப்பையிலிருந்து வளைகிற கம்பித் தூரிகையை எடுத்தார். கிளம்புகிற அவசரத்தில் அதையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். டாக்டர் அவரிடம் ஒரு முகக்கவசத்தையும் கையுறையையும் நீட்டினார். தூரிகையை ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவைத்துக் கொடுத்தார். அப்பா தூரிகையை உள்ளே செலுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, விரலாலேயே வளைவைத் தேடினார். திருகினார். இழுத்தார்.

கரும்பச்சையாக, கொழகொழவென்று, விரல் நீளத்துக்கு வந்தது. முகக்கவசத்தைத் தாண்டி வாடை அடித்தது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் குண்டூசி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யே, இதையா ஊதினேன்" என்று அத்தையிடம் கேட்டது இந்தப்பக்கம் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தே அம்மாவுக்குப் புரிந்தது.

அப்பா தூரிகையை டாக்டர் நீட்டிய டப்பாவில் வைத்தார். தன் இருபத்தாறு வருடத் தொழிலையே அதில் போட்டு மூடியது போல் இருந்தது அவருக்கு.

பரிசோதனைக் கூடம் இரண்டு மாடி கீழே. டாக்டர் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

ஒன்று இருபது. ஒன்று முப்பது. நால்வரும் வார்டில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பழக்க தோஷத்தில் மகள் விரலில் கருவியை மாட்டினாள். தொண்ணூற்று ஆறு. அதை எழுதினாள்.

"அண்ணி" என்றாள் நோட்டைப் பார்த்தபடியே. "கட்டத்துக்குள்ளயே எழுதியிருக்கீங்க."

அம்மா அகராதியில் அதற்கு நன்றி என்று அர்த்தம். அத்தைக்கும் புரிந்தது.

ஒன்று நாற்பத்தைந்துக்கு வராந்தாவில் அந்த ஷூ சத்தம் கேட்டது. டாக்டர் உள்ளே வரும்போதே போனில் பேசிக்கொண்டு வந்தார்.

"ஆமா சார், நானே மைக்ரோஸ்கோப்ல பார்த்தேன். நூல் நூலா, கொத்துக் கொத்தா. வளர்த்துப் பார்க்கறதுக்கும் குடுத்தாச்சு, அது வர நாளாகும். முன்னாடி நுரையீரலைக் கழுவி எடுத்த தண்ணியில வந்த ரிசல்ட்டும் இதோட ஒத்துப் போகுது சார். மூணு வாரம் தள்ளி வெச்சுப் பார்க்கலாம். ஆக்ஸிஜன் ஏறலைன்னா அப்புறம் ஆபரேஷன்." நின்றார். எதிர்முனையில் யாரோ பேசினார்கள். நால்வரும் டாக்டரின் முகத்தையே பார்த்தார்கள். "சரி சார். அப்போ நாளைக்குப் பட்டியல்ல முதல் பேரை எடுத்துடச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, "நாளைக்குக் கத்தி இல்ல" என்றார்.

அம்மா அழுதாள். அத்தை அழவில்லை என்று காட்டிக்கொள்வதற்காகப் பென்சில்களை எண்ணிப் பையில் போட்டாள். அப்பா டாக்டரைக் கும்பிட்டார். கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றார்.

"அப்போ நாளைக்குக் காலைல நான் சாப்பிடலாமா?" என்றாள் குண்டூசி. வெறும் வயிற்றோடு இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளாக அவளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

"என்ன வேணுமோ சாப்பிடு" என்றார் டாக்டர். அம்மாவிடம் திரும்பினார். "இன்னும் ரத்தப் பரிசோதனை இருக்கு. வீக்கம் வத்த மாத்திரை தரேன். ட்ரம்பெட் பக்கமே போகக் கூடாது, பட்டறைக்கும் போகக் கூடாது. மூணு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன். நாம நினைக்கறது சரின்னா, அந்தச் சுவர் மெல்ல மெல்ல பழையபடி ஆகணும். சின்னப் பிள்ளை, சீக்கிரம் கண்டுபிடிச்சிருக்கோம். நான் நம்பிக்கையா இருக்கேன்."

எட்டு மாதத்தில் ஒரு டாக்டர் வாயிலிருந்து நம்பிக்கை என்ற சொல் வந்தது இதுதான் முதல் தடவை. அம்மா அதையும் குறிப்புக் கட்டத்தில் எழுதினாள். தேதி, நேரத்தோடு.

டாக்டர் வாசல்வரை போய்விட்டார். அங்கே நின்று, எதையோ மறந்தது போல், அப்பாவைப் பார்த்தார்.

"உங்க பட்டறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை வாத்தியம் வரும்?"

"நாலஞ்சு வரும் டாக்டர்."

"சரியாச்சான்னு யாரு ஊதிப் பார்ப்பாங்க?"

குண்டூசிதான் முந்திக்கொண்டாள். பெருமை பொறுக்கவில்லை அவளுக்கு.

"எங்கப்பாதான். வந்ததும் ஒரு தடவை ஊதுவார், முடிச்சதும் ஒரு தடவை ஊதுவார். ஒரே மூச்சுல ஒரு நிமிஷம் இழுப்பார். யாராலயும் முடியாது."

டாக்டர் திரும்பி உள்ளே வந்தார். கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டார்.

"இப்படி வந்து உக்காருங்க. சட்டையை மேல தூக்குங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்."

"மூச்சை இழுங்க. இன்னும். நல்லா."

அப்பா இழுத்தார். இரண்டாவது இழுப்பில் இருமினார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை இடது பக்கம் வைத்தார், வலது பக்கம் வைத்தார். பிறகு முதுகின் அடிப்பகுதியில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை.

குண்டூசி கட்டிலில் நகர்ந்து, அப்பாவுக்கு இடம் விட்டாள்.